நீலச் சந்தகை

எங்கள் வீட்டில் ஒரு விருந்தாளி மூன்று மாதம் தங்கியிருந்தாள். அவள் எங்கள் மருமகள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை, "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க, ஒரு வாய் சாப்புட்டுத்தான் போகோணும்" என்று நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிடுவோம். கட்டுண்டவர் மெல்ல எழுந்து தன் தட்டைத் தானே கழுவப் போனால், வீட்டில் ஏதோ விபத்து நடந்ததுபோல நாலு பேர் ஓடி வருவார்கள். விருந்தோம்பலைப் பற்றிப் பாடிவைத்த பழைய புலவர்கள் யாரும் ஒரே வீட்டில் தொடர்ந்து மூன்று மாதம் விருந்தாளியாக இருந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். இருந்திருந்தால் அதற்கு எதிராகவும் நமக்கு நாலு பாட்டு கிடைத்திருக்கும்.

மருமகளுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். திருப்பூரில், வெளிநாட்டுக்காரர்களுக்குத் துணி வாங்கிக் கொடுக்கும் ஒரு பையிங் ஆபீஸில் சரக்கின் தரம் பார்க்கும் வேலை. பனியன் கம்பெனிகளுக்குப் போய், தைத்து முடித்த உருப்படிகளை மேசையில் விரித்து, கையில் ஒரு டேப்பும் முகத்தில் ஒரு சந்தேகமுமாக நின்று, இது போகலாம், இது போகாது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். நான் நடத்துவது கைக்குழந்தைகளுக்கான பனியன் துணிச் சட்டைகள் தைக்கும் ஒரு சின்ன யூனிட். அங்கேயும் ஒருநாள் வந்தாள். என் சரக்கை ரிஜெக்ட் செய்தாள். கூடவே நின்றிருந்த என் மகனை ஓகே செய்தாள். முதல் தீர்ப்பு சரிதான் என்று நான் எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டேன். இரண்டாவதைப் பற்றி இப்போதே கருத்துச் சொல்வது அவசரம்.

கல்யாணம் முடிந்து அவள் வந்த அன்றைக்கு என் மனைவி அவளுக்கு வாழை இலை போட்டாள். மறுநாளும் போட்டாள். மூன்று மாதம் போட்டாள். கொல்லையில் நின்ற வாழைகள் மொட்டையடித்துக்கொண்டு பழனியிலிருந்து திரும்பியவர்கள்போல ஆகிவிட்டன. இலையில் தினமும் இரண்டு பொரியல், அப்பளம், வாரத்தில் பாதி நாள் வடை. பரிமாறிவிட்டு என் மனைவி பக்கத்திலேயே நிற்பாள். "இன்னுங் கொஞ்சம் வெச்சுக்க கண்ணு." இலைக்கு முன்னால் மருமகள் பரீட்சை எழுதுகிற பெண்போல உட்கார்ந்திருப்பாள்.

ஆபீஸ் முடிந்து வந்ததும் அவள் சமையலறை வாசலில் போய் நிற்பது வழக்கம்.

"ஏதாவது செய்யட்டுமா அத்தை?"

"நீ போயி உக்காரு கண்ணு. நாள் பூரா நின்னுட்டு வர்றே."

"வெங்காயமாவது உரிச்சுத் தாரேனே."

"கண்ணு எரியும் சாமி. போ, டிவி பாரு."

அவள் போய் டிவி பார்ப்பாள். என் சரக்கைப் பார்த்த அதே முகத்தோடு பார்ப்பாள்.

இந்த ஏற்பாட்டில் லாபம் அடைந்த ஒரே ஆள் நான். விருந்தாளி இருக்கும்போது புருஷனைத் திட்டக் கூடாது என்பது என் மனைவியின் கொள்கை. கல்யாணமான நாள் முதல் மருந்துபோல சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் தவறாமல் கிடைத்துவந்த திட்டு திடீரென்று நின்றுபோனது. குளித்துவிட்டு ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டேன். அவள் பார்த்தாள், ஹால் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள். அவ்வளவுதான். நான் மறுநாளும் போட்டேன். ஆட்சி மாறியதால் விடுதலையான கைதி புதிய ஆட்சியின் குறைகளை ஆராய்ந்துகொண்டா இருப்பான்? வடையைத் தின்றுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

பிறகு ஒருநாள் மகன் என்னைப் பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். எங்கள் ஊரில் டீக்கடைக்குப் பேக்கரி என்று பெயர். வீட்டில் சொல்ல முடியாததை ஆண்கள் அங்கேதான் சொல்லிக்கொள்வார்கள். அவனே எனக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்ததும் விஷயம் பெரிது என்று புரிந்தது.

"பூண்டிப் பக்கம் ஒரு ஊடு பாத்திருக்கறோங்கப்பா."

"யாருக்கு?"

"எங்களுக்குத்தான்."

நான் பன்னைக் கீழே வைத்தேன். "அம்மா ஏதாச்சும் சொன்னாளா?"

"ஒண்ணுமே சொல்லலீங்கப்பா. அதான் பிரச்சனை. இந்த ஊட்டுல நான் தொட்ட கரண்டி ஒண்ணு காட்டுங்கறா இவ. நான் எதைக் காட்டறது? அவங்க ஊட்டுல அவங்கம்மா, அக்கா, இவ மூணு பேரும் அடுப்புக்கிட்ட நின்னு பேசிட்டேதான் சமைப்பாங்களாம். இங்க ஹால்ல உக்கார வெச்சா அவ யாருகூடப் பேசுவா?"

"ஏன், நான் இல்லையா?"

"நீங்க பேசுவீங்க. ஊடு பாக்கறதுக்கு அதும் ஒரு காரணந்தான்."

இதை நான் காதில் வாங்காததுபோல டீயை ஆற்றினேன். அந்த வீட்டுக்குக் கீழே சாமிச் சிலை செய்யும் பட்டறை என்றான். விடிந்தால் அடைந்தால் உளிச் சத்தம்.

"அந்தச் சத்தத்துல எப்படி இருப்பீங்க?"

"நம்ம ஊட்டு அமைதிக்கு அது எவ்வளவோ தேவலைங்கறா."

அவனுக்கும் போக விருப்பமில்லை என்பது அவன் பன்னைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்ததிலேயே தெரிந்தது. ஆனால் அவளை நிறுத்திவைக்கவும் அவனிடம் சொல்ல ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புரோக்கர் கூப்பிடுவார், உண்டு இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்றான். "அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்கப்பா" என்று முடித்தான். தேங்காய் பன் எதற்கு என்று அப்போது புரிந்தது.

அன்றைக்கே மொட்டை மாடியில், என் மனைவி காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். கையில் இருந்த போர்வையை மடித்தாள். பிரித்தாள். திரும்ப மடித்தாள்.

"நான் என்ன கொறை வெச்சேன்? அந்தப் புள்ளைக்கு ஒரு வேலை சொல்லியிருப்பனா?"

"அதுதான் குறையாம்."

அதற்குப் பிறகு அவள் சொன்னதை நான் அதுவரை கேட்டதில்லை. பிறந்த ஊரான கொமரலிங்கத்திலிருந்து அவள் இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் விடியற்காலையில், மருதாணிச் சிவப்பு மாறாத கையோடு, முந்தின நாள் விருந்துப் பாத்திரம் முழுவதையும் அவள்தான் துலக்கினாளாம். ஒரு அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நமக்கு ஒரு மருமகள் வந்தால் அவள் கையில் ஒரு கரண்டிகூடப் படவிடக் கூடாது என்று முடிவு செய்தாளாம். அந்த முடிவை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து, ஆள் வந்ததும் நிறைவேற்றியிருக்கிறாள். அந்த அண்டா இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நல்லவேளையாக அவள் கேட்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

"சரி, நாளைக்கே கூப்பிட்டு வெங்காயம் உரிக்கச் சொல்லேன்" என்றேன்.

"மூணு மாசம் வேண்டாம் வேண்டாம்னுட்டு, ஊட்டை உட்டுப் போறேன்னதும் வேலை சொன்னா அந்தப் புள்ள என்ன நெனைக்கும்? பயந்துக்கிட்டுக் கூப்புடறாங்கன்னு நெனைக்காதா?" போர்வையை என் தோளில் போட்டாள். "போறவங்களை இலை போட்டே அனுப்பறேன், உடுங்க."

கீழே இறங்கிப் போனவள் படியில் பாதியிலேயே நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் ஹாலுக்குள் போனாள்.

நான் படித்த புத்தகங்களில் இந்தமாதிரி இடத்தில் குடும்பத் தலைவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லிப் பிரச்சனையைத் தீர்த்துவிடுவார். எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. சந்தகைதான் தோன்றியது.

சந்தகை என்பது தனியாளாகச் செய்யவே முடியாத சாப்பாடு. அரிசியை ஊறவைத்து நைசாக ஆட்டி, இட்லிபோல் அவித்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் இரும்பு மிஷினில் போட்டுத் திருகி நூல் நூலாகப் பிழிய வேண்டும். மிஷினுக்கு மூன்று கால், தலையில் ஒரு திருகுப் பிடி. ஒருவர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மிஷினே சுற்றும். ஒருவர் பிடியைத் திருக வேண்டும். ஒருவர் அடுப்பிலிருந்து சூடாக எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கிடையில் தேங்காய்ப் பால் எடுக்க ஓர் ஆள். ஒரு நிமிடம் தாமதித்தால் மாவு இறுகிவிடும், பிறகு பயில்வான் வந்தாலும் இறங்காது. இத்தனை கை வேண்டும், விருந்தாளியைக் கூப்பிடவும் முடியாது என்பதனாலேயே மகன் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் சந்தகையே கிடையாது.

"ஞாயித்துக்கெழமை சந்தகை போடலாமா?" என்று கேட்டேன்.

நான் நினைத்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. "போடலாம். ஆனா நாம மூணு பேரே போதும். அந்தப் புள்ளையக் கூப்புட மாட்டேன்."

"கூப்பிட வேண்டாம்" என்றேன். மூன்று பேர் போதாது என்று எனக்குத் தெரியும். அதிலும் ஒருவர் நானாக இருக்கும்போது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரைண்டர் ஓடியது. கொமரலிங்கத்திலிருந்து அவள் அண்ணன் வீட்டில் கொடுத்துவிடும் அரிசி, வெண்ணெய்போல ஆட்டிக் கிடந்தது. மகன் பரண்மேலிருந்து மிஷினை இறக்கித் துடைத்தான். மருமகள் ஹாலில் டிவி முன்னால் இருத்தப்பட்டாள். என் பொறுப்பில் இரண்டு வேலைகள். தேங்காய் துருவுவது ஒன்று, இட்லித் தட்டில் போடத் துணி தயார் செய்வது இன்னொன்று. பழைய துணியை எலி கடித்திருந்தது.

"ஏனுங்க, உங்க வேட்டியில ஒண்ணைக் கிழிச்சுக் குடுங்க. நல்லாத் தொவைச்சதாப் பாத்து."

என்னிடம் இருந்தவற்றில் நல்லாத் துவைத்தது போன பொங்கலுக்கு எடுத்த வேட்டி ஒன்றுதான். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அப்போது என் பார்வை ஸ்கூட்டர் சாவிமேல் விழுந்தது. ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு சேம்பிள் துணி இருந்தது. பருத்தி. ஆர்கானிக். மேகமில்லாத நாளின் வானம்போல மிக மெல்லிய நீலம். கைக்குழந்தைச் சட்டைக்காகவே போட்ட துணி. குழந்தை காலரை வாயில் வைத்துச் சப்பினாலும் ஒன்றும் ஆகக் கூடாது என்று அதற்கு எத்தனையோ கட்டுப்பாடு உண்டு. குழந்தை வாய்க்கு ஆகிற துணி இட்லிக்கு ஆகாதா? வேட்டி பிழைத்தது. துணியைக் குழாயடியில் ஒருமுறை அலசினேன். தண்ணீர் தெளிவாகப் போனது. கம்பெனி கத்தரியால் தட்டுக்கு ஒன்றாக வட்டம் வட்டமாக வெட்டினேன். என் கட்டிங் மாஸ்டர் பார்த்திருந்தால் அழுதிருப்பார், அவ்வளவு சுத்தம்.

மாவோடு வந்த மனைவி துணியைப் பார்த்து நின்றாள்.

"இதென்னுங்க, நெறமா இருக்குது?"

"புதுத் துணி. ஆர்கானிக். கொழந்தை வாயில வெச்சுச் சப்பலாம்."

"சப்பறது வேற, அவிக்கறது வேற." குரல் ஏறத் தொடங்கியது. ஹாலில் டிவிச் சத்தம் கேட்டது. அவள் குரலை இறக்கிக்கொண்டாள். "சரி, என்னமோ. உங்க தொழிலு, உங்களுக்குத் தெரியாததா."

சாதாரண நாளாக இருந்தால் அந்த நிமிடமே துணி என் முகத்தில் விழுந்திருக்கும். திட்டு நின்றுபோன வீட்டில் என்ன ஆபத்து இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவித்து முடித்து மூடியைத் திறந்தாள். ஆவி அடங்கியது. மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். இட்லிகள் மேலே வெள்ளையாகத்தான் இருந்தன. துணியை உரித்துத் திருப்பியதும் அடியில் நீலம். ஓரத்திலிருந்து உள்ளே ஏறிக்கொண்டிருந்த, மேகமில்லாத நாளின் வானம்.

"பாய் பேபி ஆர்டருங்களாப்பா?" என்றான் மகன்.

சமையலறையில் திடீரென்று சத்தமே இல்லாததைக் கேட்டு மருமகள் எழுந்து வந்துவிட்டாள். வாசலில் நின்றாள். யார் அனுமதியும் கேட்காமல் உள்ளே வந்தாள். ஒரு இட்லியை எடுத்துப் பிய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என் மேசைமுன் நின்று பார்த்த அதே பார்வை. பிறகு துணியைக் கட்டைவிரலால் தேய்த்து விரலைப் பார்த்தாள்.

"சாயம் போட்டுட்டு, ஒட்டாத சாயம் போக சோப்பிங் பண்ணலையா மாமா?"

"அது சேம்பிள்தான். பச்சைத் தண்ணில போகல."

"பச்சைத் தண்ணில போகாது. நீங்க கொதிக்க வச்சிருக்கீங்கல்லா." இட்லியைத் தட்டில் வைத்தாள். "மொத்த லாட்டும் ரிஜெக்ட்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பார்த்து, முடியாமல், அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சிரித்து நான் கேட்பது அதுதான் முதல்முறை. மகனும் சேர்ந்துகொண்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புதான் என் மனைவியை உடைத்தது.

"சிரிப்பு வருதுங்களா? ஒரு வேட்டி கிழிக்க மனசு வரல, ஊரூராச் சாயத்தைப் பத்திப் பேசற மனுசன். கொழந்தை சப்பலாமா? நீங்க கொழந்தையா, இல்ல இட்லி கொழந்தையா? அண்ணன் அனுப்புன அரிசி, ராத்திரியே ஊறப் போட்டது, மாட்டுக்குக்கூட வெக்க முடியாமப் பண்ணிட்டு, பல்லைக் காட்டிட்டு நிக்கறீங்க. உங்களை நம்பி வெளிநாட்டுக்காரன் துணி வாங்கறான் பாருங்க, அவனைச் சொல்லோணும்…"

சட்டென்று நிறுத்தினாள். மருமகள் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முகம் சுருங்கியது. "நீ போயி உக்காரு கண்ணு…" என்று ஆரம்பித்தாள்.

"ஏன் அத்தை நிப்பாட்டிட்டீங்க? நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு. அந்த வேட்டி எங்க இருக்குன்னு கேளுங்க."

என் மனைவி என்னைப் பார்த்தாள். "வேட்டி எங்க?"

நான் போய் எடுத்து வந்தேன். மருமகள் அதை வாங்கி, என் கண் முன்னாலேயே பற்களால் ஓரத்தைக் கடித்து நேராகக் கிழித்தாள். பொங்கல் வேட்டி கிழியும் சத்தம் நன்றாகவே இருந்தது.

நல்லவேளையாகப் பாதி மாவு மீதி இருந்தது. இரண்டாம் ஈடு வெள்ளையாக வெந்தது. மகன் தரையில் உட்கார்ந்து மிஷின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். என் மனைவி சூட்டோடு இட்லியை உள்ளே போட்டு, பிடியைத் திருகப் போனாள். அரைச் சுற்றில் கை நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இடது கைக்கு மாற்றினாள். வலது தோள் அவளுக்குத் தூக்க முடியாமல் இருந்திருக்கிறது, எத்தனை நாளாகவோ தெரியாது. இத்தனை இலைச் சாப்பாட்டையும் அந்தத் தோளோடுதான் சமைத்திருக்கிறாள். எனக்கும் தெரியவில்லை, மகனுக்கும் தெரியவில்லை. வடை தின்றவர்கள் இரண்டு பேர்.

"தள்ளுங்க அத்தை."

"நீ உடு கண்ணு, இது இரும்பு, கை கன்னிப்போவும்…"

"ஆறிப்போச்சுன்னா இறங்காதுல்லா? நகருங்க."

பிடி கை மாறியது. மருமகள் திருகினாள். அது அசையவில்லை. உடம்பின் கனம் முழுவதையும் கொடுத்தாள். மெல்ல ஓர் இழை எட்டிப் பார்த்தது, பிறகு எல்லா ஓட்டையிலிருந்தும் ஒன்றாக இறங்கியது.

"என்ன அத்தை இது, கல்லு மாதிரி இருக்கு. எங்க ஊர்ல பிழிஞ்சிட்டு அவிப்போம். நீங்க அவிச்சிட்டுப் பிழியுதீங்க."

"அப்படிப் பண்ணுனா அது இடியாப்பம்."

"அது லேசா இருக்குமே."

"லேசா இருந்தா எதுக்கு நாலு பேரு? நிறுத்தாத, நிறுத்தி நிறுத்திச் சுத்துனா நூலு அந்து அந்து வுழும். ஒரே சீராச் சுத்து."

"சுத்திக்கிட்டுத்தானே இருக்கேன்."

"சுத்தற லட்சணம் தெரியுது. தட்டைப் பாரு, பாதி வெளிய வுழுது."

சொல்லிவிட்டு என் மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் மருமகளைப் பார்த்து அவள் சொன்ன முதல் குறை. கரண்டி அந்தரத்தில் நின்றது.

மருமகள் நிமிரவே இல்லை. முகமெல்லாம் வேர்த்து, திருகிக்கொண்டே சொன்னாள்: "தட்டை யாராவது நகத்துங்க. மாமா, நீங்க சும்மாத்தானே நிக்கீங்க?"

நான் தட்டை நகர்த்தினேன். சரியாக நகர்த்தவில்லை என்று இரண்டு பக்கத்திலிருந்தும் சொன்னார்கள். மகன் கீழிருந்து, "அப்பா, உங்க நெழலு மறைக்குதுங்க" என்றான். மிஷினைச் சுற்றி நாலு தலையும் முட்டிக்கொண்டு நின்றன. ஆவியில் என் கண்ணாடி மங்கிவிட்டது. தட்டில் வெள்ளை நூல் சுருள் சுருளாக விழுந்துகொண்டிருந்தது. பின்னலாடை ஊரில் பிறந்து வளர்ந்து, வாழ்நாள் முழுதும் நூலோடு குப்பை கொட்டியவன் நான். அறுபடாமல் இறங்கும் நூலைப் பார்த்தால் மனசு தானாக ஒரு மாதிரி ஆகிவிடும். மற்றபடி அதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

நீல ஈட்டினால் மத்தியானச் சாப்பாடு சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. பசியில் யாருக்கும் இலை ஞாபகம் வரவில்லை. அடுப்பு மேடையைச் சுற்றி நின்றுகொண்டே சாப்பிட்டோம். முதல் சுற்று வெல்லமும் ஏலக்காயும் போட்ட தேங்காய்ப் பாலோடு. இரண்டாவது சுற்று கடுகு தாளித்து எலுமிச்சை பிழிந்து. மருமகள் ஒரு கிண்ணத்தில் பாலை ஊற்றி, நூல் மூழ்கிப் போகுமளவு நனைத்து, கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாள்.

"இடியாப்பம் அளவுக்கு வராது" என்றாள்.

"மூணாவது கிண்ணம் குடிச்சிட்டுச் சொல்றா பாரு" என்றாள் என் மனைவி, யாரிடமும் இல்லாமல், பொதுவாக.

"ஒரு நாள் நான் இடியாப்பம் பிழிஞ்சு தாரேன். அப்பத் தெரியும்."

என் மனைவி எலுமிச்சைச் சந்தகை வைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். 'ஒரு நாள்' எந்த வீட்டில் என்று அவள் கேட்க விரும்பினாள். நானும் மகனும்கூட விரும்பினோம். யாரும் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரம் புரோக்கர் கூப்பிடும் சாயங்காலத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

சந்தகை செய்வதில் எல்லோரும் ஓடி ஒளியும் வேலை ஒன்று உண்டு. மிஷினின் அடித்தகட்டைக் கழுவுவது. சல்லடைபோல ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் மாவு அடைத்துக் காய்ந்திருக்கும், ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டும். மருமகள் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு அந்தத் தகட்டை எடுத்துக் குழாயடியில் பிடித்தாள்.

என் மனைவியின் வாய் திறந்தது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். நீ உடு கண்ணு, நான் பாத்துக்கறேன், நீ போயி உக்காரு. உதடுவரை வந்துவிட்டது. வாய் மூடிக்கொண்டது. தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். எங்கே போனாலும், கிழிந்ததைக் குத்தவும் முள் எடுக்கவும் அவள் கையிலேயே இருக்கிற ஊக்கு. அதை விரித்து மருமகளிடம் நீட்டினாள்.

"இந்தா. ஓட்டை ஓட்டையாக் குத்தி எடு. ஒண்ணு அடைச்சிருந்தாலும் அடுத்த தடவை உன்னையத்தான் கேப்பேன்."

மருமகள் ஊக்கை வாங்கினாள். ஒரு ஓட்டையைக் குத்தினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடுத்ததைக் குத்தினாள்.

அப்போது பிரிட்ஜின்மேல் சாய்த்து வைத்திருந்த மகனுடைய போன் அடித்தது. திரையில் 'பூண்டி புரோக்கர்' என்று வந்தது. சமையலறையில் நின்ற நாலு பேருக்கும் தெரிகிற உயரத்தில்தான் அந்தப் போன் இருந்தது. என் மனைவி ஏற்கெனவே துடைத்த அடுப்பை இன்னொருமுறை துடைத்தாள். மகன் மருமகளைப் பார்த்தான்.

"எடுக்காதீங்க" என்றாள் அவள், தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "கை ஈரமா இருக்குல்லா."

மகனுடைய கை ஈரமாக இல்லை. ஈரமாக இருந்தது அவள் கைதான். அவன் அதைச் சுட்டிக்காட்டவில்லை. அந்த அளவுக்கு நான் அவனை வளர்த்திருக்கிறேன். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஊக்கு தகட்டில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. சின்ன உளிச் சத்தம்போல.

என் மனைவி துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். குரலை இறக்கவில்லை.

"ஏனுங்க, மூணு மாசமாக் கேக்கோணும்னு இருக்கறேன். தெனமும் ஈரத்துண்டைக் கொண்டுபோயிக் கட்டல்மேல போடறது நீங்கதான?"

நான்தான் என்றேன்.